ஆசிரியர் குழு

மேசை வாசல் நிலையில் சிக்கிக்கொண்டது. பிடித்திருந்த நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள். ஒருவர் சாய்த்துத் தூக்கச் சொன்னார், ஒருவர் படுக்கப் போடச் சொன்னார், ஒருவர் பின்னால் இழுத்துவிட்டு மறுபடி தள்ளச் சொன்னார். நாலாவது ஆள் தன் விரல் நசுங்குவதைப் பற்றி மட்டும் பேசினார். கூடத்தில் அவளைக் கிடத்த இடம் வேண்டுமென்றால் மேசை வெளியே போயாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக ஜன்னலோரம் நின்ற மேசைக்கு அப்படி ஒரு எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

“காலைக் கழட்டுங்க,” என்றார் கடைசல்காரர்.

யார் காதிலும் விழவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் சொல்வதை அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. பாவம் என்று ஒரு பார்வை பார்ப்பதோடு சரி. அவரே குனிந்து மேசைக்கு அடியில் புகுந்து ஒவ்வொரு காலாகத் திருகி எடுத்தார். லேத் ஓடும் அவருடைய கடைசல் பட்டறையில் அவரே மரை வெட்டிய கால்கள். எந்தக் கால் எந்தக் குழிக்கு என்று ஒன்று முதல் நாலு வரை எண் பொறித்திருந்தார். கால் இல்லாத பலகை சொன்ன பேச்சைக் கேட்டு வெளியே போயிற்று.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாப்ள,” என்றார் மச்சான். அவளுடைய அண்ணன். அன்றைய ஏற்பாடுகள் முழுக்க அவர் கையில்தான் இருந்தன.

“சொன்னேன்.”

கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை நிழலில் பலகையை இறக்கி வைத்தார்கள். கால்களைத் தானே மாட்டுவதாகச் சொல்லி அவர் எல்லோரையும் அனுப்பிவிட்டார். கைக்கு ஒரு வேலை கிடைத்தது நிம்மதியாக இருந்தது.

காலை ஐந்தரைக்கு அவள் போய்விட்டாள். வெந்நீர் எடுக்க அடுப்படிக்குப் போனவர் திரும்பி வருவதற்குள் முடிந்திருந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. கடைசியில் அந்த வெந்நீரை அவரே குடித்தார். பிறகுதான் மகளுக்கு போன் செய்தார். அடுத்த தெரு டாக்டர் வந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்பது மணிக்கு மகள் வந்தாள், பத்து மணிக்கு மச்சான் வந்தார், பதினொரு மணிக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. மூன்று மணிக்கு வண்டி வரும் என்றார்கள்.

மேசை இழுவறையில் அவளுடைய சாமான்கள் அப்படியே இருந்தன. கறுப்புப் பேனாக்கள், எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளை மைப் புட்டி, கால்குலேட்டர், ரப்பர் வளையம் போட்ட ஒரு தாள் கட்டு. கால்குலேட்டரில் இரண்டு என்ற எண் தேய்ந்து வழித்தெடுத்தது போல் இருந்தது. மற்ற எண்கள் எல்லாம் நேற்று வாங்கியது மாதிரி தெளிவாக இருந்தன.

அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்குக் கைடு எழுதினாள். பாடப் புத்தகத்தில் உள்ள எல்லாக் கணக்குக்கும் படிப்படியாக விடை. அந்தக் கைடில் ஒரு விசேஷம், அவள் கையெழுத்தே படமெடுத்து அச்சாகும். முதல் வருடம் அச்சுக் கோர்ப்பவர் அடைப்புக்குறிகளோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போனதால் வேறு வழியில்லாமல் செய்தது. பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று, அதுவே நிலைத்துவிட்டது. அட்டையில் அவள் பெயர் கிடையாது. “அனுபவமிக்க ஆசிரியர் குழு” என்று போட்டிருப்பார்கள்.

அந்தக் குழுவில் மொத்தம் இரண்டு பேர். எழுதியது அவள். சரிபார்த்தது இவர்.

இவருக்கு அல்ஜீப்ரா ஒரு மண்ணும் தெரியாது. எட்டாம் வகுப்போடு பட்டறைக்குப் போனவர். அது தெரியாமலே சரிபார்க்க அவள் வழி சொல்லிக் கொடுத்திருந்தாள்.

“எக்ஸ் இருக்கிற இடத்துல எல்லாம் ரெண்டு போடுங்க. கேள்விக்கு என்ன வருதோ அதே விடைக்கும் வரணும். வரலைன்னா என்னைக் கூப்பிடுங்க.”

“ஒண்ணு போட்டா இன்னும் சுலபம்ல.”

“ஒண்ணை எத்தனை தடவை பெருக்குனாலும் ஒண்ணுதான். தப்பு எல்லாம் நல்லா ஒளிஞ்சுக்கும். ரெண்டு போடுங்க.”

சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து, கையில் கிரீஸ் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, மேசைக்கு எதிரில் உட்காருவார். அவள் ஒரு தாளை முடித்துத் தள்ளுவாள், இவர் இரண்டு போடுவார். சரியாக வந்தால் தாளின் கீழ் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக். இருபத்திரண்டு வருடத்தில் பிழைதிருத்தம் என்று ஒரு துண்டுச் சீட்டு அந்தக் கைடில் ஒட்டப்பட்டதில்லை. அவளுக்கு நகை மேல் ஆசை இல்லை, புடவை மேலும் பெரிதாக இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தலைக்கனம் உண்டு. மற்ற கைடுகளைக் கடையில் நின்றபடியே புரட்டி, தப்பைக் கண்டுபிடித்து, ஒன்றும் சொல்லாமல் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வருவாள். அன்று சாப்பாடு நன்றாக இருக்கும்.

இன்னொரு விதியும் இருந்தது. அதைத்தான் காலையிலிருந்து அவர் நினைக்காமல் இருக்கப் பார்த்தார்.

“ரெண்டு போட்டுப் பூச்சியம் வந்தா நம்பாதீங்க. பூச்சியத்தால எதைப் பெருக்குனாலும் பூச்சியம்தான். ஒரு பிராக்கெட் பூச்சியமாயிட்டா, பக்கத்து பிராக்கெட்ல என்ன கூத்து நடந்தாலும் வெளிய தெரியாது. அப்ப மட்டும் அஞ்சு போடுங்க.”

நாலு நாளைக்கு முன்னால் அவள் கடைசித் தாளை எழுதினாள். படுக்கையில் சாய்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து. உறுப்புகளைக் குழுவாக்கிக் காரணிப்படுத்துதல், பதினாலாவது கணக்கு. எழுதும்போதே இருமல் வந்தது. இவர் முதுகைப் பிடித்துக்கொண்டார், தண்ணீர் கொடுத்தார். தணிந்ததும் மிச்சத்தை எழுதித் தள்ளினாள். இவர் இரண்டு போட்டார். கேள்விக்குப் பூச்சியம் வந்தது. விடைக்கும் பூச்சியம் வந்தது.

“என்ன போட்டீங்க?”

“ரெண்டு.”

“எவ்வளவு?”

“பூச்சியம். ரெண்டு பக்கமும்.”

அவள் கண்ணை மூடியிருந்தாள். மூச்சு விசில் மாதிரி போய்க்கொண்டிருந்தது. அஞ்சு போடச் சொல்வாள் என்று இவர் விரலைக் கால்குலேட்டர் மேலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் சொல்லவில்லை.

“சரி, வச்சிடுங்க,” என்றாள்.

இவரும் டிக் போட்டு வைத்துவிட்டார். விளக்கை அணைத்தால் அவள் தூங்குவாள் என்று பட்டது. அவ்வளவுதான் காரணம்.

அச்சகக்காரர் ஒன்றரை மணிக்கு வந்தார். ஸ்கூட்டரைக் கேட்டுக்கு நடுவில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டோடு உள்ளே போய், பாதி வழியில் ஞாபகம் வந்து கழற்றி, அவள் காலடியில் நின்று கும்பிட்டார். மெய்யாகவே கண் கலங்கியிருந்தார். போன் செய்யும்போதெல்லாம் “குழு இருக்காங்களா?” என்று கேட்கிற மனுஷன். “குழு குளிக்கப் போயிருக்கு,” என்று இவர் சொல்வார். இந்த ஒரே ஜோக்கை இரண்டு பேரும் இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருந்தார்கள்.

வெளியே வந்தவர் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை, கிளம்பவும் இல்லை. தோளில் தொங்கிய பையின் வாரை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டார்.

“சொல்லுங்க,” என்றார் கடைசல்காரர்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாது சார். மத்த அத்தியாயம் எல்லாம் ஓடிடுச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. மிஷின் நாலு மணிக்குக் காலி, அதை விட்டா அடுத்த வாரம்தான். பள்ளிக்கூடம் திறந்துடும்.” நிறுத்தி, தரையைப் பார்த்தார். “முடிச்சு வச்சிருக்கேன்னு முந்தாநாள் அவங்களே சொன்னாங்க. அதான்.”

கடைசல்காரர் இழுவறையைத் திறந்து தாள் கட்டை எடுத்துக் கொடுத்தார். அச்சகக்காரர் தாள்களை எண்ணிப் பார்க்கவில்லை. அது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று மணி வரை இருந்து பார்த்துவிட்டே போவதாகச் சொன்னார்.

வந்தவர்கள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். பெரிய கூட்டமாக உட்கார்ந்தால் பேச்சு ஓடாது போலிருக்கிறது. மதில் ஓரம் இரண்டு பேர், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இரண்டு பேர். எந்தப் பக்கம் காதைக் கொடுத்தாலும் அவளைப் பற்றியே பேசினார்கள். போன மாதம் கடைவீதியில் பார்த்தது, கல்யாணத்துக்கு வந்தது, நன்றாக இருந்தாளே என்பது.

ஒரு தடவை இவர் கேட்டிருந்தார், இந்தக் குழுவாக்குகிறது என்றால் என்னதான் என்று. அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

“நாலு பேர் சேந்து உக்காந்தா ஒண்ணும் விளங்காது. ரெண்டு ரெண்டா பிரிச்சு உக்கார வைக்கணும். அப்பதான் ரெண்டு ஜோடியும் ஒரே ஆளைப் பத்திப் பேசுறது தெரியும். அந்த ஆளை எடுத்து வெளிய வச்சிட்டா கணக்கு முடிஞ்சுது.”

“எடுத்துட்டா அப்புறம் உள்ள என்ன இருக்கும்?”

“மிச்சம் இருக்கும். மிச்சம் எல்லாம் ஒரு பிராக்கெட்டுக்குள்ள போயிடும்.”

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருந்தவர் மச்சானைக் கூப்பிட்டு, “எத்தனை மணிக்கு எடுக்குறீங்க?” என்று கேட்டார்.

“மூணு. சரியா மூணுக்கு எடுத்துடுவோம்.”

கடைசல்காரர் எழுந்து அச்சகக்காரரிடம் போனார்.

“அந்தக் கட்டைக் குடுங்க. கடைசித் தாள் மட்டும் ஒரு தடவை பாத்துடறேன்.”

“டிக் போட்டிருக்கே சார்.”

“போட்டது நான்தானே. குடுங்க.”

மேசையில் உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டி எழுப்பினார். கேள்வி x³ − 3x² − 4x + 12 என்று இருந்தது. கீழே நாலு வரி. கடைசி வரியில் விடை, மூன்று அடைப்புகளாக (x + 3)(x − 2)(x + 2). ஐந்தை அழுத்தினார். அது தேயாத பொத்தான், கொஞ்சம் விறைப்பாக இறங்கியது. நூற்று இருபத்தைந்தில் எழுபத்தைந்து போனால் ஐம்பது. இருபது போனால் முப்பது. பன்னிரண்டைச் சேர்த்தால் நாற்பத்திரண்டு.

விடைக்கு வந்தார். எட்டு, மூன்று, ஏழு. மூன்றையும் பெருக்கினால் நூற்று அறுபத்தெட்டு.

மறுபடி போட்டார். மறுபடியும் நூற்று அறுபத்தெட்டு.

காலையில் டம்ளரோடு நின்றபோதுகூட இப்படி இருக்கவில்லை. இது தப்பு, தப்பு என்றுகூடத் தெரியாமல் அவள் போய்விட்டாள், தெரியாமல் போனதற்கு இவர்தான் காரணம். இன்னும் நாலு பொத்தான் அழுத்தியிருந்தால் போதும். அவள் மேலும் கோபம் வந்தது. பூச்சியத்தை நம்பாதே என்று சொன்னவளே அன்றைக்கு ஏன் நம்பினாள்.

மச்சான் பக்கத்தில் வந்து நின்றார். “என்ன மாப்ள இது. நாலு பேர் பாக்குறாங்க. உள்ள அவ கிடக்கா, நீங்க வாசல்ல உக்காந்து கால்குலேட்டரைத் தட்டிக்கிட்டு இருக்கீங்க. இப்ப என்ன கணக்கு?”

“பதினாலாவது.”

மகள் வந்து மாமாவின் கையைப் பிடித்தாள். “விடுங்க மாமா. அப்பா பாக்கட்டும்.” பிறகு தாளை எட்டிப் பார்த்தாள். “எனக்கும் இதெல்லாம் மறந்துபோச்சுப்பா. என்ன ஆச்சு?”

“நாப்பத்திரண்டு வரணும். வரலை. வரலைன்னா அவளைக் கூப்பிடணும்.”

மகள் கொஞ்ச நேரம் அப்பாவின் தோளில் கை வைத்து நின்றுவிட்டு உள்ளே போனாள்.

தப்பு என்று சொல்லத்தான் அவருக்குத் தெரியும். சரி எது என்று சொல்வது அவர் வேலையாக இருந்ததே இல்லை. பட்டறையில் ஒரு சாமான் அளவு தப்பினால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருக்கிறது. மூன்றும் ஏழும் இருபத்தொன்று. நாற்பத்திரண்டுக்கு இன்னும் ஒரு இரண்டு வேண்டும். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருக்கிறது. ஐந்தோடு மூன்றைக் கூட்டினால் எட்டு. ஐந்தில் மூன்றைக் கழித்தால் இரண்டு.

மேல் வரியைப் பார்த்தார். அங்கே (x − 3) என்று கழித்தல்தான் இருந்தது. கீழ் வரிக்கு இறங்கும்போது ஒரு கோடு கூடியிருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அவள் கூட்டல் குறி அவருக்குத் தெரியாததா. இரண்டு கோடும் ஒரே உயரம், ஸ்கேல் வைத்தது போல. இதில் குறுக்குக் கோடு நேராக இருந்தது. நெடுக்குக் கோடு சாய்ந்து, மேலே மெலிசாகத் தொடங்கி, கீழே அழுந்தி, வரியைத் தாண்டிப் போயிருந்தது. பேனா தானாக இழுத்த கோடு. முதுகைப் பிடித்தபோது தன் உள்ளங்கையில் அதிர்ந்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

அவள் தப்பாகப் போடவில்லை. கழித்தல்தான் போட்டிருக்கிறாள். மற்றது இருமல்.

சந்தேகத்துக்கு ஏழும் போட்டுப் பார்த்தார். கழித்தலை வைத்துக்கொண்டு. கேள்விக்கு நூற்று எண்பது. விடைக்கு நாலு, ஐந்து, ஒன்பது. நூற்று எண்பது.

வெள்ளை மைப் புட்டியைத் திறந்து தூரிகையை வெளியே எடுத்தவர் அப்படியே இருந்தார். இதை மூடிவிட்டால் கைடு சரியாகிவிடும். மூடாவிட்டால் அவளுடைய மூச்சு இழுத்த கோடு ஒன்று தாளில் இருக்கும். அச்சாகி ஊர் முழுக்கப் போகும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதைக் கூட்டல் என்று படிப்பார்கள்.

அச்சகக்காரர் எழுந்து வந்திருந்தார். “ஏதாவது இருக்கா சார்?”

“ஒரு கோடு.”

“விட்டுடுங்க சார். ஒரு கோட்டை எவன் பாக்கப் போறான். அடுத்த கம்பெனி கைடுல அத்தியாயத்துக்கு அத்தியாயம் தப்பு. யாரும் கேக்குறதில்ல.”

“இவ கேப்பா.”

வண்டி வந்துவிட்டது. கேட்டுக்கு வெளியே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பெண்கள் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. மச்சான் மணியைப் பார்த்தார். “மாப்ள, நேரமாச்சு. வந்து பாத்துடுங்க.”

அவர் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மேசை இருந்த இடத்தில் அவள் படுத்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் இவ்வளவு நாளும் தாள் மேல் விழுந்த மாதிரியே இப்போது முகத்தில் விழுந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் வழி விட்டார்கள். அழப்போகிறார் என்று ஒருவர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“அஞ்சு போட்டேன்,” என்றார் கடைசல்காரர். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்தான் சொன்னார், ஆனால் கூடம் நிசப்தமாக இருந்தது. “ஏழும் போட்டேன். சரியா இருக்கு.”

“என்ன சொல்றார்?” என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

“சரிபாத்துட்டாராம்,” என்றாள் மகள்.

மறுபடி மேசைக்கு வந்து, நின்றபடியே, தூரிகையின் நுனியைப் புட்டி வாயில் வழித்து, அந்தச் சாய்ந்த கோட்டின் மேல் பாதியை மூடினார். பிறகு கீழ்ப் பாதியை. குறுக்குக் கோட்டின் மேல் மை படாமல் நிறுத்தினார். மில்லிமீட்டருக்கும் கீழே வேலை பார்த்த கை. கீழ் ஓரத்தில் பழைய டிக் இருந்தது. அதன் பக்கத்திலேயே இன்னொன்று போட்டார்.

“ஈரமா இருக்கு. உள்ள வச்சா அடுத்த தாள்ல ஒட்டிக்கும்,” என்றார்.

அச்சகக்காரர் தாளை இரண்டு கையிலும் ஏந்தி வாங்கிக்கொண்டார். “சார், அட்டை இன்னும் அடிக்கலை. அதுல ஆசிரியர் குழுன்னு...” முடிக்கவில்லை. “அப்படியே இருக்கட்டுமா?”

“இருக்கட்டும்.”

“படம் எடுத்ததும் தாளை எப்பவும் போலத் திருப்பி அனுப்பிடறேன்.”

“அனுப்புங்க. சுரண்டிடாதீங்க. மைக்குக் கீழ கோடு இருக்கு.”

அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கேட்டுக்கு நடுவில் ஸ்கூட்டர் நின்றது. “யாரோட வண்டி, எடுங்கப்பா,” என்று மச்சான் கத்தினார். அச்சகக்காரர் பதறித் திரும்பினார். இரண்டு கையிலும் தாள் இருந்தது, ஸ்கூட்டரைத் தள்ளக் கை இல்லை. தூக்கியவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். வண்டி ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

“ஒரு நிமிஷம்,” என்றார் கடைசல்காரர்.

அச்சகக்காரர் தாளை வாய்க்கு நேரே பிடித்து, அந்த ஒரு இடத்தில், மெதுவாக ஊதினார்.